புரோத்தனை எட்டாத இலத்திரன்

வெள்ளவத்தை ரியூசன் வகுப்புகளில் அணு என்றதும் பலகையில் வரும் படம் பெரும்பாலும் ஒன்றுதான்: நடுவில் கரு, சுற்றிவர இலத்திரன்கள். வானத்தைப் பார்த்து எடுத்த உவமை அது. 1904இல் நகாவோகா சனிக்கோளின் வளையங்களைக் கொண்டு அணுவை உருவகித்தார். 1911இல் ரதபோட் நடுவே கருவை வைத்தார். ஈர்ப்பும் மின்விசையும் தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகவே குறைவதால், உவமை கணக்காகவும் ஆயிற்று.

கோளின் கணக்கில் வராத ஒரு செலவு இலத்திரனுக்கு உண்டு. முடுக்கமடையும் மின்னேற்றம் கதிர்வீசிச் சக்தியை இழக்கும். அப்படிப் பார்த்தால் ஐதரசன் அணுவின் இலத்திரன், ஒரு செக்கனைப் பத்தாயிரம் கோடியாகப் பிரித்த ஓரிரு பங்குக்குள் புரோத்தனில் விழ வேண்டும். சில பாதைகளில் கதிர்வீசலே இல்லை என்று 1913இல் நீல்ஸ் போர் விதித்தார். பாடநூல்கள் அத்தோடு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகின்றன.

அங்கே நின்று கேட்டவர் ஒரு தமிழர். 1918இல் பிறந்த கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலும் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் படித்துவிட்டு, கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். இலத்திரனைச் சிறு கோளமாக லோரன்ஸ் கற்பனை செய்திருந்தார். 1938இல் டிராக் அதை வெறும் புள்ளியாக்கி, கதிர்வீசலின் எதிர்த்தாக்கத்தையும் சேர்த்து ஒரு சமன்பாடு எழுதினார். முடுக்கம் மட்டுமல்ல, முடுக்கம் மாறும் வீதமும் அதில் உண்டு.

அந்தச் சமன்பாட்டை எலியேசர் ஐதரசன் அணுவில் பொருத்தினார். இலத்திரன் புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் வருகிறது. மோதல் நிச்சயம் என்றே எவரும் சொல்வார்கள். 1943இல் வெளியான அவருடைய விடை வேறு: மோதலே இல்லை. இலத்திரன் புரோத்தனை எட்டுமுன் திரும்பி, ஒளியின் வேகத்தை நெருங்கியபடி விலகி ஓடுகிறது.

இயற்கையில் எந்த ஐதரசன் அணுவும் இப்படி நடப்பதில்லை. அந்த முடிவின் கனமே அதுதான். குவாந்தப் பொறிமுறை வந்து பல ஆண்டுகளாகியிருந்தன. பழைய படத்தை ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. எலியேசர் அதைக் கடைசிவரை பேசவிட்டார். புள்ளி இலத்திரன் என்ற மாதிரி எந்த இடத்தில் முறிகிறது என்பது அதனால்தான் துல்லியமாகத் தெரியவந்தது. எனக்கு இது புதிய துணிக்கை ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குக் குறைந்த வேலையல்ல.

பின்னர் அவர் கொழும்பில் கணிதப் பேராசிரியராகவும் விஞ்ஞான பீடாதிபதியாகவும் இருந்தார். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் சிறிது நேரத்தில் போய்ச்சேரும் வளாகம் அது. ஆனாலும் அணுவின் படத்தை வரையும் நம் பிள்ளைகளில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. சொல்லிக் கொடுக்க வேண்டும். டிராக்கின் சமன்பாட்டில் வருவதுபோலத் தாறுமாறாக ஓடும் தீர்வுகள் வராத இன்னொரு சமன்பாட்டையும் 1948இல் அவர் முன்வைத்தார். போர்ட், ஓ'கொனல் ஆகியோரின் பெயர்களோடு சேர்த்து வழங்கும் அந்தச் சமன்பாடு, வலிமை மிக்க லேசர் ஒளியில் இலத்திரன் எப்படி இயங்குகிறது என்று ஆராய்பவர்களின் கட்டுரைகளில் இன்றும் வருகிறது.