ஓரகடம் எழுப்பிய வினா

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருவழியில் அமைந்துள்ள திருப்பெரும்புதூர், இராமானுசர் பிறந்த ஊராக நெடுங்காலம் அறியப்பட்டது. 1991 மே 21 அன்று இராஜீவ் காந்தி அங்கே கொலையுண்டபோது உலகச் செய்தித்தாள்கள் அவ்வூரின் பெயரை எழுதக் கற்றுக்கொண்டன. அதற்குப் பின் மூன்றாவது அடையாளமொன்று அதனை வந்தடைந்தது. 1998-இல் அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார்களை உருவாக்கத் தொடங்கியது. 2010-இல் ஓரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த நிலப்பரப்பு, இருபது ஆண்டுகளுக்குள் இந்தியாவின் முதன்மையான தொழில் வட்டாரங்களுள் ஒன்றாயிற்று.

இவ்வட்டாரம் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் ஒரு வினாவை எதிர்கொண்டது. கொள்ளைநோய் ஓயாதிருக்கும்போது, நிறுத்திய பணியை மீண்டும் தொடங்கலாமா? தொடங்கினால் அது பாதுகாப்பாக நடைபெறுமா? உலகமெங்கும் எழுந்த வினாதான் இது. ஓரகடத்தில் அது உயர் நீதிமன்றம் வரை சென்றது என்பதனால், வரலாற்றுக் கண்கொண்டு அதனை நோக்குவது நமக்குப் பயனளிக்கும்.

பழைய பாடங்கள்

வினா புதியதன்று. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது, பருத்தி ஆலைத் தொழிலாளர் பெருந்திரளாக ஊரைவிட்டு ஓடினர். எஞ்சியவர்களைத் தம் ஆலைக்கு இழுக்க முதலாளிகள் தம்முள் போட்டியிட்டனர். மாதக் கூலிக்குக் காத்திருந்தவன் அன்றாடக் கூலியை அன்றன்றே கேட்டுப் பெற்றான். நோயைத் தடுக்க வழியறியாத அக்காலத்தில் வேலையை நடத்தக் கண்ட வழி, அச்சத்திற்கு விலை கொடுப்பது ஒன்றே.

1918-இன் பிற்பகுதியில் இன்ஃபுளுயென்சா நம் நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அதே ஆண்டு ஏப்ரல் 27 அன்று, பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில் உருவாகியிருந்தது. நண்பகல் உணவுக்குப் போதிய இடைவேளை வேண்டும் என்பது ஆலைத் தொழிலாளரின் தொடக்ககாலக் குறைகளுள் ஒன்று. வேலையின் விரைவை யார் வரையறுப்பது என்னும் கேள்வி அப்போதே சென்னையில் எழுந்துவிட்டது. நூறாண்டுகள் கழித்து ஓரகடத்தில் எழுந்ததும் ஏறத்தாழ அதே கேள்விதான்.

திறந்தனர், மூடினர்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஆறு வாரங்கள் கழித்து மே 6-ஆம் நாள் ஓரகடத்தில் ராயல் என்ஃபீல்டு ஆலையும், மே 8-ஆம் நாள் ஹூண்டாய் ஆலையும் பணியைத் தொடங்கின. வாயிலில் வெப்பமானி, கைகளுக்குக் கிருமிநாசினி, முகத்திற்குக் கவசம் என்று ஏற்பாடுகள் செய்யப்பட்டன. ஆயினும் அம்மாத இறுதிக்குள்ளேயே, திருப்பெரும்புதூரிலுள்ள நோக்கியாவின் தொலைத்தொடர்புக் கருவி ஆலை, பணியாளர் சிலருக்கு நோய் கண்டமையால் மீண்டும் மூடப்பட்டது.

அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் அலை மிகக் கொடியது. 2021 மே 21 அன்று ஒரே நாளில் தமிழகத்தில் 36,184 பேருக்கு நோய் உறுதிசெய்யப்பட்டது. ஏப்ரல் 26 முதலே நம் ஆலயங்கள் உள்ளிட்ட எல்லாச் சமய வழிபாட்டிடங்களும் மக்களுக்கு மூடப்பட்டிருந்தன. மே 10 முதல் மாநிலம் முழுவதும் ஊரடங்கு. ஆனால் தொடர்ந்து இயங்கவேண்டிய ஆலைகளுக்கும், ஏற்றுமதிக் கடமை உள்ள ஆலைகளுக்கும் விலக்குத் தரப்பட்டது. திருப்பலிக்குக் கூடுவது தீங்கெனக் கருதப்பட்ட நாள்களில், தொழிலாளரை ஏற்றிய பேருந்துகள் ஓரகடம் நோக்கி ஓடிக்கொண்டிருந்தன.

ரெனோ-நிசான் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. தனிமனித இடைவெளி காக்கப்படவில்லை, உடன் பணியாற்றுவோர் பலர் நோயுற்றனர் என்பது சங்கத்தின் முறையீடு. விதிமுறைகள் யாவும் பின்பற்றப்படுகின்றன, ஏற்றுக்கொண்ட ஆணைகளை நிறைவேற்ற உற்பத்தி தேவை என்பது நிறுவனத்தின் மறுமொழி. மே 24 அன்று ஹூண்டாய் ஆலையிலும் தொழிலாளர் வேலையை நிறுத்தி அமர்ந்தனர். மறுநாள் முதல் ஐந்து நாள்களுக்கு அவ்வாலை மூடப்பட்டது. ரெனோ-நிசான் தொழிலாளர் 26-ஆம் நாள் முதல் பணிக்கு வரமாட்டோம் என அறிவிக்க, அவ்வாலையும் சில நாள்கள் நின்றது. தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி தலைமையிலான அமர்வு, அரசு அதிகாரிகள் ஆலையை நேரில் பார்வையிட வேண்டுமெனப் பணித்தது.

ஒரு வெற்றிடம்

இவ்வழக்கில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய கோரிக்கை ஒன்றுண்டு. கார் ஆலையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டேயிருக்கும். தொழிலாளர் இதனை ‘லைன்’ என்பர். ஒவ்வொரு வண்டியும் தம்மைக் கடந்து செல்வதற்குள் அவரவர் தம் பணியை முடித்தாக வேண்டும். முடியாதவர் வண்டியோடு நடந்து அடுத்தவரின் இடத்திற்குள் செல்ல நேரும். தரையில் எத்துணை வட்டங்கள் வரைந்தாலும், லைனின் விரைவு குறையாதவரையில் மனிதர் நெருங்கியே தீர்வர். எனவே தொழிலாளர், வண்டிகளுக்கிடையே லைனில் சில இடங்களை வெறுமையாக விடுமாறு கேட்டனர். வெறுமையாய்ச் செல்லும் ஒவ்வோர் இடமும் உருவாகாத ஒரு கார். பாதுகாப்பு என்பது முகக்கவசத்தின் விலை மட்டுமன்று, உற்பத்தியில் விட்டுக்கொடுக்க வேண்டிய பங்கும் ஆகும் என்பதை அக்கோரிக்கை வெளிப்படுத்தியது.

இதே காலத்தில் விளையாட்டுலகம் நடந்துகொண்ட முறையை ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பால் ஆட்டங்கள் 2020 ஜூலை 23 அன்று தொடங்கின. அணி ஒன்றுக்கு 162 ஆட்டங்கள் என்னும் வழக்கம் 60 ஆகக் குறைக்கப்பட்டது. அரங்குகளில் பார்வையாளர் இல்லை. ஆட்டம் தொடங்குமுன்பே உரிமையாளரும் ஆட்டக்காரர் சங்கமும் நலவிதிகளைப் பேசி ஒப்புக்கொண்டிருந்தனர். அஞ்சியவர் விலகி நிற்கவும் இடமிருந்தது. இத்தனை செய்தும் சில நாள்களுக்குள் மயாமி அணியில் நோய் பரவி ஆட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. நம் சேப்பாக்கத்தில் 2021 ஏப்ரலில் நடந்த ஐ.பி.எல். ஆட்டங்களுக்கும் அடிக்கடிப் பரிசோதனை, தனி விடுதி என்று பாதுகாப்பு வளையம் இருந்தது. அவ்வளையத்தினுள்ளும் நோய் புகுந்ததால் மே 4 அன்று அத்தொடர் நிறுத்தப்பட்டது. எஞ்சிய ஆட்டங்கள் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அமீரகத்தில் நடந்தன.

பெருஞ்செல்வம் காவல்நின்ற இடத்திலேயே இந்நிலை எனில், அறையொன்றில் பலர் தங்கி, ஒரே பேருந்தில் சென்று, ஒரே கூடத்தில் உண்ணும் தொழிலாளிக்கு எது வளையம்? 18 முதல் 44 வயதினருக்கான தடுப்பூசிப் பணியே தமிழகத்தில் மே 20 அன்றுதான் திருப்பூரில் தொடங்கிவைக்கப்பட்டது.

ஆலைவாயிலோடு பாதுகாப்பு முடிவதில்லை என்பதற்கு அதே ஆண்டு டிசம்பரும் சான்று. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண்கள், தங்கியிருந்த விடுதியில் உண்ட உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியரின் நிலையறிய அவர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தபின்னரே அவர்களின் விடுதி வாழ்க்கை நாட்டின் பார்வைக்கு வந்தது. மூடப்பட்ட ஆலை 2022 சனவரி 12 அன்று திறந்தது. அங்கே தீங்கு விளைத்தது கொரோனா அன்று. ஆயினும், உழைக்கும் உடல் எங்கே உண்கிறது, எங்கே உறங்குகிறது என்னும் கேள்வி இரண்டிடத்தும் ஒன்றே.

ஆலைகளை ஆண்டுக்கணக்கில் மூடிவைத்திருக்க இயலாது என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஊதியம் நின்றால் பட்டினி வரும், பட்டினியும் கொல்லும். ஓரகடத்துத் தொழிலாளரும் ஆலை என்றென்றும் மூடப்பட வேண்டுமெனக் கேட்கவில்லை. தாம் நிற்கும் இடத்தில் இடைவெளி வேண்டுமென்றே கேட்டனர். அது நீதிமன்றத்தின் வழியாகக் கேட்கப்பட வேண்டியதாயிற்று என்பதே நம் நெஞ்சை உறுத்துகிறது. ஆட்டக்காரரோடு ஆட்டத்திற்கு முன் பேசப்பட்டது. தொழிலாளியின் குரலோ உடன் உழைப்போர் நோயில் வீழ்ந்த பின்னரே செவிமடுக்கப்பட்டது.

நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் ஆலையில் உழைப்போர் உளர்; சிறு பட்டறை நடத்துவோரும் உளர். இன்னொரு கொள்ளைநோய் வாராது என எவரும் உறுதி கூற இயலாது. அன்று ‘மீண்டும் தொடங்கலாமா?’ என்று நாம் கேட்கும்போது, அவ்வினாவை முதலில் லைனில் நிற்பவரிடம் கேட்போமா? அவர் கேட்கும் இடைவெளிக்காக எதனைக் குறைத்துக்கொள்ள நாம் முன்வருவோம்?