குற்றாலச் சாரலில் லாரி ஸ்டார்ட் ஆகவில்லையா? குளிர் மேல் பழி போடும் முன் இதைப் பாருங்க!

அதிகாலை 4 மணி. பாவூர்சத்திரம் சந்தையில் ஏற்றிய காய்கறி லோடு விடிவதற்குள் புளியரை செக்போஸ்ட் தாண்டி கேரளாவுக்குள் போயாக வேண்டும். வெளியே சாரல், சில்லென்ற காற்று. டிரைவர் சாவியைத் திருப்புகிறார். 'டக்'. அவ்வளவுதான், வண்டி அசையவில்லை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலம் சீசனில் தென்காசி, செங்கோட்டை பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. உடனே வரும் பதிலும் பழகியதுதான்: "குளிருக்கு டீசல் உறைஞ்சு போச்சுண்ணே!"

உண்மையிலேயே டீசல் உறைகிறதா? இல்லையென்றால் வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை? மெக்கானிக் வருவதற்குள் டிரைவர் என்ன பார்க்கலாம், எதைத் தொடவே கூடாது? பார்க்கலாம்.

*தென்காசி குளிரில் டீசல் உறையுமா?*

உறையாது. டீசலில் இயல்பாகவே மெழுகு கலந்திருக்கிறது. குளிர் அதிகமானால் அது சின்னச் சின்னத் துகளாகி ஃபில்டரை அடைக்கும். எந்த வெப்பநிலை வரை அடைக்கக் கூடாது என்பதற்கு இந்திய தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 1460 விதியில் வரம்பு இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி செல்சியஸ், மற்ற மாதங்களுக்கு 18 டிகிரி.

தென்காசியில் சாரல் காலத்து இரவிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. உடம்புக்குக் குளிரும், டீசலுக்குக் குளிராது. இங்கே வண்டி நின்றால் பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: வலு இழந்த பேட்டரி அல்லது ஈரம்.

*அப்போ குளிருக்குப் பங்கே இல்லையா?*

கொஞ்சம் இருக்கிறது. பெட்ரோல் வண்டி மாதிரி டீசல் இன்ஜினில் தீப்பொறி போட ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை வேகமாக அழுத்தும்போது அது 500 டிகிரிக்கும் மேல் சூடாகும். அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்ளும். அதற்கு இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்ற வேண்டும். அந்த வேகத்தைக் கொடுப்பது பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும்.

குளிர்ந்த காலையில் இன்ஜின் ஆயில் கெட்டியாக இருக்கும், பேட்டரியின் வலுவும் கொஞ்சம் குறையும். நல்ல பேட்டரி இதைச் சமாளித்துவிடும். ஏற்கெனவே தேய்ந்த பேட்டரி அன்றைக்குப் பார்த்துக் காலை வாரும். அதாவது குளிர் புதுசாகக் கோளாறை உண்டாக்குவதில்லை, உள்ளே இருந்த கோளாறைக் காட்டிக் கொடுக்கிறது.

*முதலில் காதைக் கொடுங்க*

சாவியைத் திருப்பும்போது வரும் சத்தம் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு செல்ஃப் அடித்துப் பாருங்க.

1. சத்தமே இல்லை, லைட்டும் எரியவில்லை: பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கலாம். இல்லையென்றால் டெர்மினல் கழன்றிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம்.

2. 'டக் டக்' சத்தம், லைட் மங்குகிறது: பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. சாரல் ஈரத்தில் இது சீக்கிரம் வரும்.

3. ஒரே ஒரு 'டக்', லைட் மங்கவில்லை: செல்ஃப் மோட்டார் அல்லது அதற்குப் போகும் வயரில் கோளாறு. இது மெக்கானிக் வேலை.

4. இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை: பேட்டரி சரி. இனி டீசல் பக்கம் பாருங்க.

ஒரு தடவைக்கு 10 முதல் 15 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். அடுத்த தடவைக்கு முன் ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்க. விடாமல் அடித்தால் மிச்சமிருக்கும் சார்ஜும் போய், செல்ஃப் மோட்டாரும் சூடாகிக் கருகும்.

*பேட்டரியை எப்படிச் சோதிப்பது?*

பெரிய லாரிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்து 24 வோல்ட்டாக இணைத்திருப்பார்கள். கையில் மீட்டர் இருந்தால் வேலை சுலபம். இரவு முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் சேர்ந்து 25 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டினால் நல்ல சார்ஜ். 24.4 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 19 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தாங்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டில் ஒன்று மட்டும் பழுதாகியிருந்தாலும் வண்டி நிற்கும். அதனால் தனித்தனியாகவும் அளந்து பாருங்க.

பக்கத்து லாரியிலிருந்து சார்ஜ் எடுப்பதாக இருந்தால், 24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் வண்டிதான். காரின் 12 வோல்ட்டை அப்படியே சேர்க்கக் கூடாது. முதலில் பிளஸ்ஸுக்கு பிளஸ். கடைசி மைனஸ் முனையை பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இருக்கும் இன்ஜின் இரும்பில் மாட்டுங்க. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் பொறி பறந்தால் வெடிக்கும். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது.

*புகை வருதா, வரலையா?*

இன்ஜின் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், ஒருத்தர் செல்ஃப் அடிக்க இன்னொருத்தர் சைலன்சரைப் பார்க்கட்டும்.

புகையே வரவில்லை என்றால் டீசல் இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை. டேங்கில் டீசல் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கேஜ் பொய் சொல்லும், மூடியைத் திறந்து பார்த்துவிடுங்க. அடுத்தது ஃபில்டர். டீசலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தங்கும். வாட்டர் செப்பரேட்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்க. கீழே தனி அடுக்காகத் தண்ணீர் தெரிந்தால், சுத்தமான டீசல் வரும் வரை வடித்துவிட்டுத் திருகை இறுக்குங்க.

வடித்த பிறகோ ஃபில்டர் மாற்றிய பிறகோ லைனில் காற்று புகுந்திருக்கும். இதைத்தான் 'ஏர் பிடிச்சிருக்கு' என்கிறோம். கை பம்ப் உள்ள வண்டியில் அது இறுகும் வரை அடித்தால் காற்று வெளியேறும். ஆனால் புது வண்டிகளில் இன்ஜெக்டருக்குப் போகும் உயர் அழுத்தக் குழாயைக் கழற்றவே கூடாது. அதில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடு இல்லை. சின்ன டீசல் வண்டிகள் பலவற்றில் இதற்காகவே க்ளோ பிளக் இருக்கிறது. டேஷ்போர்டில் சுருள் மாதிரி ஒரு விளக்கு எரியும். அது அணையும் வரை காத்திருந்து சாவியைத் திருப்புங்க. அப்படியும் வெள்ளைப் புகைதான் என்றால் வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும்.

*இந்த நான்கும் உயிருக்கு ஆபத்து*

லோடு அழுகிவிடுமே என்ற பதற்றத்தில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன.

மலைச்சாலை இறக்கத்தில் வண்டியை உருட்டி ஸ்டார்ட் செய்வது: இன்ஜின் ஓடாவிட்டால் ஏர் பிரேக்குக்குக் காற்று ஏறாது, பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். புளியரை எஸ் வளைவு மாதிரி இடத்தில் லோடு வண்டியை இப்படி இறக்கினால் நிறுத்த வழியே இருக்காது. வண்டி நின்றால் டயருக்குக் கட்டை போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தை வைத்துவிட்டு உதவிக்குக் கூப்பிடுங்க.

டேங்குக்கு அடியில் தீ மூட்டுவது: வட இந்தியக் குளிரில் சிலர் இப்படிச் செய்வதுண்டு. டேங்க், டீசல் குழாய், வயர் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒரு பொறி போதும்.

காற்று வரும் வழியில் ஸ்டார்டிங் ஸ்ப்ரே, பெட்ரோல் விடுவது: க்ளோ பிளக், ஹீட்டர் உள்ள வண்டியில் உள்ளேயே வெடிக்கும்.

தண்ணீரில் மூழ்கிய வண்டியில் செல்ஃப் அடிப்பது: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், ஒரே ஒரு செல்ஃப் போதும், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது.

*டீசல் நிஜமாகவே உறையும் இடம் எது?*

இதே லாரி டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கோ காஷ்மீருக்கோ லோடு ஏற்றிப் போனால் கதை வேறு. ஊட்டியில் உறைபனி விழும் இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். அங்கே சமவெளி டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டர் அடைபட வாய்ப்பு உண்டு. லடாக்கில் இன்னும் மோசம். அதனால்தான் மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அங்கே அறிமுகப்படுத்தியது.

அப்படிப்பட்ட ஊருக்குப் போனால் டேங்க் காலியாகும்போது உள்ளூர் பங்கிலேயே நிரப்புங்க. மண்ணெண்ணெய் கலப்பது பழைய வழக்கம். இன்று அது கலப்படம், சட்டப்படி குற்றம். பிஎஸ்-6 வண்டியின் புகை சுத்திகரிப்புக் கருவியையும் கெடுத்துவிடும். ஆட்ப்ளூ திரவம் மைனஸ் 11 டிகிரியில் உறையும். ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகாததற்கு அது காரணமில்லை.

*சாரல் தொடங்கும் முன் செய்ய வேண்டியது*

மே மாதக் கடைசியிலேயே பேட்டரியைச் சோதித்துவிடுங்க. டெர்மினலைச் சுத்தம் செய்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்க. டீசல் ஃபில்டரை உரிய நேரத்தில் மாற்றுங்க. வாரம் ஒரு முறை தண்ணீரை வடித்துவிடுங்க. டேங்க் மூடியின் ரப்பர் கிழிந்திருந்தால் சாரல் நேரே டீசலில் இறங்கும், அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இரவு வண்டியை நிறுத்தும்போது டேங்க் நிறைய டீசல் இருந்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடமிருக்காது.

சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போதே இதையெல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டால், காலையில் 4 மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.