மானிப்பாயில் தமிழ் பேசிய மேலை வைத்தியம்

வைத்தியத்தின் வரலாற்றை மருந்துகளின் வரலாறாகவும் மேதைகளின் வரலாறாகவும் எழுதுவதே பெருவழக்காக இருந்து வந்துள்ளது. அவ்வறிவு எம்மொழியிற் போதிக்கப்பட்டது, அதனைக் கற்றோர் யாரிடஞ் சென்றனர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களுக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் தரும் விடை நாம் சிந்தித்தற்குரியது.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறுவருடம் மானிப்பாயைத் தம் பணிக்களமாகக் கொண்டு, நோயாளரைப் பராமரித்ததோடு உள்ளூர் இளைஞர்க்கு வைத்தியம் போதிக்கவுந் தொடங்கினார். போதனை முதலில் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. ஆனால், பயிற்சி பெற்றோர் கூடிய சம்பளந்தரும் உத்தியோகங்களை நாடிக் கிராமங்களை விட்டு அகன்றனர். ஆங்கிலம் அறிவின் வாயிலாக மட்டுமன்றி, ஊரைவிட்டு வெளியேறும் வாயிலாகவும் அமைந்தது. இதனையுணர்ந்த கிறீன் 1864இல் தமிழ்மொழி மூல வைத்திய வகுப்பை ஆரம்பித்தார். இருமொழியிலுமாக அவர் பயிற்றிய வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர்.

தமிழிற் கற்பிப்பதற்குத் தமிழில் நூல்கள் வேண்டுமன்றோ? 'பிரசவ வைத்தியம்' (1857), 'இரண வைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'வைத்தியாகரம்' (1872), 'கெமிஸ்தம்' (1875), 'மனுஷ சுகரணம்' (1883) என அவை வரிசையாக வெளிவந்தன. தமிழ்ச் சொல்லை முதலில் தேடி, கிடையாவிடத்து வடசொல்லைக் கொண்டு, அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழோசைக்கு இசைவித்தனர். 'கெமிஸ்தம்' என்ற பெயரே இதற்குச் சான்று. இப்பணி கிறீன் ஒருவரது தனிச்சாதனையன்று. சப்மன், டான்வோத் முதலிய அவருடைய மாணவர்கள் இதிற் பங்குகொண்டனர். பெயர்கள் அமெரிக்கப் பெயர்களாயினும், அவர்கள் இம்மண்ணின் மைந்தர்களே.

கிறீன் ஒரு மிஷனரி. மதப் பிரசாரமும் அவரது நோக்கமாயிருந்தது. அதனை மறைப்பது வரலாறாகாது. எனினும், மக்களைச் சென்றடைய விரும்பியவன் மக்கள் மொழியைத் தவிர்க்கவியலாது என்னும் உண்மையை அந்நோக்கமே அவருக்குப் புகட்டிற்று.

1873இல் கிறீன் தாயகந் திரும்பினார், 1884இற் காலமானார். அவர் தொடக்கிய தமிழ்வழி வைத்தியக் கல்வி நிலைபெறவில்லை. காரணம் மொழியின் வறுமையென்பார் மேற்கூறிய நூல்வரிசையைக் காண்பாராக. 1870இல் கொழும்பிலே குடியேற்ற அரசாங்கம் நிறுவிய வைத்தியப் பாடசாலை ஆங்கிலத்திலேயே போதித்தது. பதவியும் வருவாயும் அம்மொழியையே சார்ந்து நின்றன. ஆதரிக்க அரசில்லாத மொழியில் விஞ்ஞானம் வளருவதெங்ஙனம்?

இன்றும் நம் பல்கலைக்கழகங்களில் வைத்தியக் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. உலக அறிவோடு தொடர்புகொள்ள ஆங்கிலம் வேண்டுமென்பதை மறுப்பாரிலர். ஆயினும், அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டிலிற் கிடக்கும் விவசாயி, தன் உடலைப் பற்றித் தன் தலைமாட்டில் நடைபெறும் உரையாடலை விளங்காது, வைத்தியரின் முகக்குறிப்பைப் பார்த்தே தன் விதியை ஊகிக்க நேர்வது நியாயமாகுமா? நோயின் பெயரையும் மருந்தின் பயனையும் அறிந்துகொள்ளுதல் அவனது உரிமை. அவ்வுரிமையை வழங்கும் ஆற்றல் தமிழுக்கு உண்டென்பதை மானிப்பாய் நூறாண்டுகளுக்கு முன்னரே செய்துகாட்டியது.