ஜோன்ஸ்டவுனும் அது விட்டுச் சென்ற அச்சமும்

1978 நவம்பர் 18-ஆம் நாள், தென்னமெரிக்காவின் கயானா நாட்டுக் காட்டினுள் இருந்த ஜோன்ஸ்டவுன் குடியிருப்பில் 909 பேர் மாண்டனர். ஜிம் ஜோன்ஸ் என்பவரின் 'மக்கள் ஆலயம்' என்னும் சமயக் குழுவினர் அவர்கள். மிகப் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது சயனைடு கலந்த பானம். நிலைமையைக் கண்டறியச் சென்ற அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் லியோ ரயனும் மேலும் நால்வரும் அன்றே விமானத் தளத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

'கூட்டுத் தற்கொலை' என்று நாளேடுகள் எழுதின. இச்சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. மாண்டவர்களுள் 300-க்கும் மேற்பட்டோர் சிறுவர். நம் நடுத்தரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் மொத்த மாணவர் எண்ணிக்கை அது! கைக்குழந்தைகளின் வாயில் நஞ்சைப் பீய்ச்சினார்கள். சுற்றிலும் ஆயுதம் ஏந்திய காவலர் நின்றனர். இதற்குப் பெயர் தற்கொலையா?

அன்றுமுதல் 'கூல்-எய்ட் குடித்தவர்' என்னும் தொடர், கண்மூடித்தனமாக நம்புபவரைக் குறிக்கும் ஏளனச் சொல்லாக ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. அங்குக் கலக்கப்பட்டது பெரும்பாலும் ஃபிளேவர் எய்ட் என்னும் வேறொரு பானத்தூள் என்பது தனிக்கதை.

வாசக அன்பர்களே, மக்கள் ஆலயம் ஊரறியாத மறைவுக் குழுவன்று. 'கிறிஸ்துவின் சீடர்கள்' என்னும் பழம்பெரும் திருச்சபையோடு 1960 முதல் இணைந்திருந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சமமாக அமர்ந்து வழிபட்ட இடம் அது. சான் பிரான்சிஸ்கோ நகர மேயர் ஜோன்ஸை வீட்டுவசதி ஆணையத்தில் அமர்த்தினார். 1977-இல் அவர் அதன் தலைவருமானார். பெரிய மனிதர்களின் பாராட்டே அவருக்குக் கவசமாக இருந்தது.

ஆயினும் மக்கள் மனத்தில் பதிந்தது, 'புதிய சமயம் என்றால் சாவு' என்னும் ஒரே படம். 1979 பிப்ரவரியில் செனட்டர் பாப் டோல் வாஷிங்டனில் இக்குழுக்களைப் பற்றி விசாரணைக் கூட்டம் நடத்தினார். ஜோன்ஸ்டவுனோடு எத்தொடர்பும் இல்லாத ஐக்கியத் திருச்சபை, ஹரே கிருஷ்ணா இயக்கம் போன்றவையும் அதே கண்கொண்டு நோக்கப்பட்டன. ஹரே கிருஷ்ணா இயக்கம் உண்மையான சமயமே என்று கூறி, மூளைச்சலவை வழக்கை நியூயார்க் நீதிமன்றம் 1977-இலேயே தள்ளுபடி செய்திருந்தது. அத்தீர்ப்பைப் பொதுமக்களுள் எத்தனை பேர் நினைவில் கொண்டனர்?

அவ்வியக்கம் குறையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. 1970-களிலும் 80-களிலும் அதன் விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் அடியும் கொடுமையும் பட்டனர். 1998-இல் அவ்வியக்கத்தின் சொந்த ஆய்விதழிலேயே அவை வெளியாயின. மக்களோ நஞ்சுப் பானத்தையும் துப்பாக்கியையும் தேடிக்கொண்டிருந்தனர். வகுப்பறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியவர் மிகச் சிலரே.

ஜோன்ஸ்டவுனில் இறந்தவர்களையும் இவ்வச்சம் விடவில்லை. உரிமை கோரப்படாத உடல்களைப் புதைக்கப் பல கல்லறைத் தோட்டங்கள் மறுத்தன. 1979-இல் ஓக்லாந்து நகரின் எவர்கிரீன் கல்லறைத் தோட்டம் 400-க்கும் மேற்பட்ட உடல்களை ஏற்றுக்கொண்டது. அவற்றுள் பல, அடையாளம் காணப்படாத குழந்தைகளுடையவை. மாண்டோர் அனைவரின் பெயர்களும் பொறித்த கற்கள் அங்குப் பதிக்கப்பட்டது 2011-இல்தான்.