அளுவிகாரையின் ஏடும் தோட்டத்துக் கைபேசியும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியில், நகரைத் தாண்டியதும் அளுவிகாரை வரும். பத்திரிகைப் பணியின் நிமித்தம் அவ்வழியே பலமுறை சென்றிருக்கிறேன். வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்தத் திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், இங்குதான் ஓலையில் எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சமும் போரும் சூழ்ந்த காலம் அது. மனனம் செய்தவர் மறைந்தால் நூலும் மறைந்துவிடும் என்ற அச்சமே பிக்குமாரை எழுத்தாணியை எடுக்க வைத்தது. அந்த விகாரையின் ஏடுகளோ 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது அழிந்தன. ஒரே வடிவத்தை மட்டும் நம்பியிருக்கும் அறிவுக்கு என்றும் ஆபத்துண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத் தொழிலாளர், காடுகளினூடே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த தடமும் இத்திசையில்தான். வழியில் மாண்டோர் பலர். வந்து சேர்ந்தோர் ஏடுகளைக் கொண்டுவரவில்லை. பொன்னர் சங்கர் கதையையும் காமன் கூத்தையும் தாலாட்டையும் நெஞ்சில் சுமந்து வந்தனர். பாட்டும் தப்பொலியும் ஆட்டமும் வேடமும் கலந்த அந்தக் கூத்து, எழுத்தறியாதவருக்கும் பார்வை குன்றியவருக்கும் சிறுவருக்கும் ஒருசேரப் புரிந்தது. பல்லூடகம் என்று நாம் இன்று சொல்வதை அவர்கள் பெயர் வைக்காமலே கையாண்டார்கள்.

பள்ளிக்கூடம் அவ்வளவு தாராளமாக இருக்கவில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்கள் மீது சுமத்தியது. பல இடங்களில் அது ஒரு கொட்டிலாகவும், ஓர் ஆசிரியராகவும், சில கற்பலகைகளாகவும் சுருங்கிப் போயிற்று. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பரவலாகப் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1977இன் பின்னர்தான். இடைப்பட்ட முப்பதாண்டுகளில் ஒரு தலைமுறை கொழுந்துக் கூடையுடன் மலையேறிவிட்டது.

2020இல் கொவிட் நோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் மாறின. மறு ஆண்டு இரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். ஒரு லயத்தில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைபேசி. அதுவும் தந்தை வேலையிலிருந்து திரும்பிய பிறகே கைக்கு வரும். புத்தகப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பியதையே பாடம் என்றார்கள். நடுப்பிள்ளைக்குப் பார்வை மங்கல். அந்தப் பொடி எழுத்து அவளுக்கு வெறும் கோடு.

அங்கே ஓர் இளம் ஆசிரியை பாடத்தைத் தம் குரலில் ஐந்து நிமிடத்துக்குள் பதிவுசெய்து அனுப்பினார். அதையே பெரிய எழுத்தில் தாளில் எழுதித் தோட்டத்துக் கடையில் வைத்தார். கணக்குக்கு மிளகும் சாதிக்காயும் எண்ணச் சொன்னார். நடுப்பிள்ளை குரலைக் கேட்டே பாடத்தை ஒப்புவித்தாள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கூட இருந்து கேட்டார்.

அமெரிக்காவில் 1984இல் தொடங்கப்பட்ட காஸ்ட் என்னும் நிறுவனம் இதையே ஒரு கோட்பாடாக வளர்த்தது: ஒரே பாடத்தைப் பல வடிவங்களில் கொடு, பிள்ளை தனக்கு இயன்ற வழியில் விடை சொல்லட்டும். படத்துக்குக் குரல் விளக்கம், ஒலிக்கு எழுத்து வடிவம், இணைப்பு இல்லாதவருக்கு அச்சுத்தாள். இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பாடத்தை ஆயத்தம் செய்யும் முன்னரே, இதைப் பெறமுடியாமல் போகும் பிள்ளை யார் என்று கேட்டுக்கொண்டால் போதும்.

அந்தக் கேள்வி உரிய காலத்தில் கேட்கப்படாததன் விலையை மலையகம் ஏற்கெனவே ஒரு தலைமுறையாகக் கொடுத்துவிட்டது. இனியும் கொடுக்க வேண்டுமா?