பொது நிரலும் எழுத்தெண்ணலும்: ஓப்பன்-தமிழ் நூலகம்

கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி, நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசைக்கு 17 என எழுத்தெண்ணிப் பாடியது தமிழ் மரபு. கணினிக்கோ 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் ஐந்தாகத் தோன்றும். ஒருங்குறியில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக நிற்பதே காரணம். சொற்பிழைத்திருத்தியோ யாப்பாய்வு நிரலோ எழுதப் புகுந்த ஒவ்வொருவரும் இச்சிக்கலைத் தாமே முதலிலிருந்து தீர்க்க வேண்டியிருந்தது.

எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் பிறரும் 2013 முதல் வளர்த்த ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நூலகம் இவ்வுழைப்பைப் பொதுவாக்கியது. எம்ஐடி உரிமத்தில் வெளியான அதன் மூலநிரலைக் கிட்ஹப் தளத்தில் எவரும் படியெடுத்துத் திருத்தி, தம் மாற்றத்தை இணைக்குமாறு கோரலாம். அம்மாற்றம் முன்னைய செயற்பாட்டைக் கெடுக்கவில்லை என்பதைச் சோதனை நிரல்கள் காட்டும். முகமறியாதோர் ஒருவர் நிரலை மற்றவர் நம்புவதற்கு இச்சோதனைகளே பிணை; உரிமத்தினும் இவற்றின் பங்கு பெரிது எனலாம்.

கணித்தமிழ் ஆர்வலர் நேரில் கூடும் தமிழ் இணைய மாநாடு 2017இல், மில்லிக்கனை உள்ளடக்கிய ஸ்கார்பரோவில், டொரொன்டோ பல்கலைக்கழக வளாகத்தில் நிகழ்ந்தது. அத்தகைய கூடல்களுக்குக் கட்டுரைத் தொகுதிகள் சான்றாகின்றன. நிரலாக்கத்திற்கோ, யார் எந்நாளில் எவ்வரியை மாற்றினார் என்னும் களஞ்சியப் பதிவே முதன்மைச் சான்று. அது 2018 முதல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திற்கு உரிய தளத்தில் உள்ளது. ஆய்வு நூலகங்கள் அதனைப் படியெடுத்துக் காப்பதற்கு உரிமம் தடையன்று.