கடலோரத்தில் பிறந்த மலைவண்டி

கோவிலம்பாக்கத்தில் மழை விட்ட மறுநாள் பைக்கில் ஆபீஸ் கிளம்புவதே ஒரு சின்ன ஆஃப்-ரோடு பயணம்தான். இந்த ஜோக்கை எங்கள் டீமில் ஆரம்பித்தவன், போன ஜூலையில் நிஜமாகவே மணாலியிலிருந்து லே வரை புல்லட் ஓட்டிவிட்டு வந்தான். டீக்கடையில் வீடியோ காட்டினான். “மச்சி, அங்க போனாதான்டா சுதந்திரம்னா என்னன்னு புரியும்.” வீடியோவில் இரண்டே நொடி, முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு சாலையோரம் கல் அடுக்கியவர்கள் வந்து போனார்கள். எனக்கு அந்த இரண்டு நொடிதான் மனதில் நின்றது.

முதலில் வண்டியின் கதை. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கு பைக் தேடிய இந்திய ராணுவம், இங்கிலாந்தின் ரெட்டிச்சில் தயாரான 350 சிசி ராயல் என்ஃபீல்டு புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேவையை ஒட்டித்தான் 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு தயாரிப்புக் கருவிகளே வந்துசேர்ந்தன. திருவொற்றியூரில் முழு வண்டியும் உருவானது. 1970-இல் இங்கிலாந்துத் தயாரிப்பு நின்றே போனது. 1977-இல் மெட்ராஸ் புல்லட் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது!

இமயமலைக்காகக் கேட்கப்பட்ட வண்டி, அலைச்சத்தம் கேட்கும் ஊரில் பிறந்ததுதான் வேடிக்கை. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக்: நீண்ட ஸ்ட்ரோக் என்பதால் குறைந்த வேகத்திலும் ஏற்றத்தை இழுக்கும். ஆனால் மணாலி–லே பாதையிலுள்ள தங்லாங் லா கணவாய் 5,328 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். கார்புரேட்டருக்கு அது தெரியாது. பெட்ரோலை அதிகமாகவே கொடுக்கும், வண்டி கரும்புகை கக்கித் திணறும். 2016-இல் வந்த ஹிமாலயனும் கார்புரேட்டரோடுதான் வந்தது, பிறகுதான் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன்.

அடுத்தது சாலை. 1957-இல் அக்சாய் சின் வழியாகச் சீனா சாலை போட்டு முடித்தது. 1960-இல் இந்தியா எல்லைச் சாலைகள் அமைப்பை உருவாக்கியது. 1962-இல் போர். லடாக்கின் பெரிய சாலைகள் ராணுவ லாரிகளுக்காகப் போடப்பட்டவை. சுற்றுலாப் பயணிகளுக்கு லடாக் திறந்ததே 1974-இல்தான். 2021-இல் உலகின் உயரமான மோட்டார் சாலை என்று கின்னஸில் ஏறிய உம்லிங் லா (5,798 மீட்டர்) கூட எல்லையை ஒட்டியதுதான். இந்தச் சாலைகளில் வேலை செய்பவர்களில் பலர் ஜார்க்கண்டின் தும்கா பக்கத்திலிருந்து வருகிறவர்கள். சமவெளியில் பிறந்து, மூச்சு முட்டும் உயரத்தில் கல் உடைப்பவர்கள்.

ஆக, வண்டியும் சாலையும் ஒரே பயத்தில் பிறந்தவை. நாம் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அது பொய் என்று சொல்லமாட்டேன். போருக்குப் போட்ட பாதையில் ஒருவன் சும்மா ஊர் சுற்றப் போவது நல்ல விஷயம்தான். ஆனால் ‘ஆளே இல்லாத இடம்’ என்று மட்டும் சொல்லக்கூடாது. ஆள் இருந்ததால்தான் அங்கே சாலை இருக்கிறது.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். வீடியோவைப் பின்னால் தள்ளி, அந்த இரண்டு நொடியை மறுபடி ஓட்டினான். சத்தத்தைக் கூட்டினான்.

“இவங்களப் பாத்து ஹாரன் அடிச்சிருக்கேன் மச்சி,” என்றான்.